முறைத் தண்ணியும் முறைமாமனும்

ட்ரெடிஷனல் டே அன்னைக்கு வேட்டி, பாவாடை தாவணி, உறியடி, செல்ஃபி. மறுநாள் காலையில எல்லாரும் ஜீன்ஸ். இதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அன்னைக்கு மேடையில வழக்கமா ஒரு பேச்சு இருக்கும், கவனிச்சிருப்பீங்க. இளைய தலைமுறை பாரம்பரிய விழுமியங்களை மறந்துடுச்சுன்னு யாராவது ஒருத்தர் வருத்தப்படுவார். கீழே உட்கார்ந்திருக்கிற நாமளும் கை தட்டுவோம். எந்த விழுமியம்? எப்போ மறந்தோம்? மறக்கிறதுக்கு முன்னாடி அது என்ன வேலை செஞ்சுட்டு இருந்துச்சு? இதை யாரும் சொன்னதும் இல்ல, நாம கேட்டதும் இல்ல. ஒரு மெஷின் நின்னு போச்சுன்னா அது என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னுதானே முதல்ல கேட்போம்? பாரம்பரியத்துக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்விய விட்டுடறோம்?

‘விழுமியம்’ நல்ல சொல்தான். ஆனா வகுப்பறைச் சொல். பொம்மிடிப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டு வரப்புல நின்னு அதைச் சொல்லிப் பாருங்க, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அதே இடத்துல ‘முறை’ன்னு சொல்லுங்க. “இது முறையா?”ன்னா நியாயமான்னு அர்த்தம். “இன்னைக்கு யார் முறை?”ன்னா யாரோட டர்ன்னு அர்த்தம். “அந்தப் பொண்ணு அவனுக்கு முறை”ன்னா கட்டிக்கிற உறவு. கல்யாணம் காதுகுத்துல “முறை செய்யறது”ன்னா தாய்மாமன் சீர் கொண்டு வர்றது. நியாயம், டர்ன், உறவு, சீர், எல்லாத்துக்கும் ஒரே சொல்.

கொஞ்சம் உத்துப் பார்த்தா இந்தச் சொல்லுக்குள்ள ரெண்டு வெவ்வேற சமாச்சாரம் இருக்கு. ஒரு முறை சுத்தி வரும். இன்னைக்கு நீங்க, நாளைக்கு நான். வரிசையா குடித்தனம் இருக்கிற வீடுகள்ல போடற முறைவாசல் மாதிரி. இன்னொரு முறை சுத்தாது. பிறந்தப்பவே முடிவாகி, சாகிற வரைக்கும் அப்படியே நிக்கும். முறைமாமன் மாதிரி. சாதி மாதிரியும். பாரம்பரியம்னு நாம சொல்றதெல்லாம் இந்த ரெண்டும் கலந்து கட்டின மூட்டைதான். அந்த மூட்டையை ஒரே ஒரு விஷயத்தை வச்சு இங்க அவிழ்த்துப் பார்க்கலாம். அது ஏரி.

ஏரிய எடுத்ததுக்குக் காரணம் நம்ம ஊர் அமைப்பு. பொம்மிடி ஸ்டேஷன்ல இறங்கினா தெற்கே சேர்வராயன் மலை தெரியும். அந்த மலை மேலதான் ஏற்காடு. மலையில மழை பெஞ்சா ஓடையில தண்ணி வரும். மழை நின்னா கொஞ்ச நாள்ல ஓடையும் காய்ஞ்சிடும். வருஷம் முழுக்க ஓடற ஆறு பக்கத்துல கிடையாது. ஒகேனக்கல்ல காவிரி ஓடுதே, அது நம்ம மாவட்டம்தானேன்னு கேட்பீங்க. அது மாவட்டத்தோட மேற்கு ஓரம், அதுவும் பள்ளத்துல. தானா இந்தப் பக்கம் வராது. அதனால பெய்யற மழைய அங்கங்க நிறுத்தி வச்சாதான் விவசாயம். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வெங்கடசமுத்திரம்னு ஊர் இருக்கு. கடலே இல்லாத ஊருக்கு எப்படி சமுத்திரம்? பழைய வழக்குல பெரிய ஏரிக்கும் சமுத்திரம்னு பேர். தமிழ்நாடு முழுக்கக் கணக்கு பார்த்தா ஏரி, கண்மாய், குளம்னு ஏறக்குறைய 39,000 இருக்கு.

சிவில் பசங்களுக்கு இது தெரியும், மத்த டிபார்ட்மென்ட்காரங்களுக்காகச் சொல்றேன். ஏரிங்கிறது வெறும் பள்ளம் இல்ல. மேட்டுல பெஞ்ச மழைய வரத்துக் கால்வாய் கொண்டு வரும். கரை அதை நிறுத்தும். மதகு வழியா அளவா தண்ணி வெளிய போய் வாய்க்கால்ல பாயும். அது பாயற நிலம் ஆயக்கட்டு. ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி கோடி வழியா வழியும். “ஏரி கோடி போகுது”ன்னு ஊர்ல சந்தோஷமா சொல்றது அதைத்தான். வழிஞ்ச தண்ணி வீணாகாது, கீழே இருக்கிற அடுத்த ஏரிக்குப் போகும். மேல இருக்கிற ஏரி கெட்டுப்போனா கீழ இருக்கிற அத்தனை ஏரிக்கும் கேடு.

இதுல டிசைன் கஷ்டம் இல்ல, பராமரிப்புதான் கஷ்டம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 50 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரியில ஒரே ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிஞ்சா 5,000 கன மீட்டர். ரெண்டு யூனிட் டிப்பர்ல அள்ளினா கிட்டத்தட்ட 880 லோடு. ஒரு சென்டிமீட்டருக்கே இவ்வளவு! ஜேசிபி இல்லாத காலத்துல இதை யார் அள்ளினது?

கோடையில ஏரி காய்ஞ்சதும் விவசாயிங்க வண்டி கட்டி வண்டலை அள்ளித் தங்க வயல்ல கொட்டினாங்க. வண்டல் நல்ல உரம். தூர் வாரின மாதிரியும் ஆச்சு, உரம் போட்ட மாதிரியும் ஆச்சு. கரைய பலப்படுத்த, வாய்க்கால் சுத்தம் பண்ண வீட்டுக்கு ஒரு ஆள் வரணும். இதுக்குப் பேர் குடிமராமத்து. குடிகள் செய்யற மராமத்து. வேலைக்கு வர்றவங்களுக்குத் தண்ணியில முறை உண்டு. ஏரியில தண்ணி குறைஞ்சா ஆளுக்கு இத்தனை நேரம்னு பிரிச்சு விடறதுதான் முறைத் தண்ணி.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஒரு லாஜிக். மதகுக்குப் பக்கத்துல நிலம் இருக்கிறவருக்குத் தண்ணி முதல்ல வரும். கடைமடைக்காரருக்குக் கடைசியில வரும், இல்லன்னா வராது. மதகடிக்காரர் நெனச்சா எல்லாத்தையும் தானே பாய்ச்சிக்கலாம். ஏன் அப்படிப் பண்ணல? நல்ல மனசா? இருக்கலாம். ஆனா நல்ல மனசை நம்பி ஒரு சிஸ்டம் நூத்துக்கணக்கான வருஷம் ஓடாது. அடுத்த வருஷம் கரை உடைஞ்சா மண்ணு சுமக்கக் கடைமடைக்காரரோட ஆளும் வேணும். அவருக்குத் தண்ணி கொடுக்கலன்னா அவர் மண்வெட்டி தூக்க மாட்டார். மதகடிக்காரருக்குக் கடைமடைக்காரரோட உழைப்பு தேவை, கடைமடைக்காரருக்கு மதகடிக்காரரோட தண்ணி தேவை. இந்த ரெண்டு தேவையும் ஒண்ணையொண்ணு கட்டிப் போட்டிருந்துச்சு.

எலினோர் ஆஸ்ட்ரம்னு ஒரு அறிஞர். 2009ல பொருளாதார நோபல் வாங்கினவங்க, அந்தப் பரிசை வாங்கின முதல் பெண். பொதுச் சொத்தை மக்கள் எப்படி நிர்வாகம் பண்றாங்கன்னு ஆயுசு முழுக்க ஆராய்ச்சி பண்ணாங்க. நேபாளத்துல பாசன அமைப்புகளை அவங்களும் சக ஆய்வாளர்களும் ஒப்பிட்டுப் பார்த்தப்போ, எஞ்சினியர் ஆகப் போற நம்ம எல்லாரையும் உறுத்த வேண்டிய ஒண்ணு தெரிஞ்சுது. விவசாயிகளே மண்ணு, கல்லு, மரக்கிளை வச்சுக் கட்டிக்கிட்ட அமைப்புகள்ல பல இடங்கள்ல கடைமடைக்கு நல்லாவே தண்ணி போச்சு. தலைப்புல நிரந்தரமா கான்கிரீட் கட்டிக் கொடுத்த இடங்கள்ல மேல இருக்கிறவங்களுக்கும் கீழ இருக்கிறவங்களுக்கும் கிடைக்கிற தண்ணியில இடைவெளி கூடிடுச்சு. ஏன்னா கான்கிரீட் வந்ததும் வருஷா வருஷம் ரிப்பேர் பண்ற வேலை போச்சு. வேலை போனதும் மேல இருக்கிறவருக்குக் கீழ இருக்கிறவர் தேவைப்படல. கட்டுமானம் பலமாச்சு, கூட்டு பலவீனமாச்சு. நம்ம சிலபஸ்ல இதுக்கு எந்த யூனிட்ல இடம் இருக்குன்னு தேடிப் பார்த்தேன். இல்ல.

கேட்க அழகா இருக்குல்ல? இந்த இடத்தோட நிறுத்தி, முன்னோர்கள் எவ்வளவு புத்திசாலிகள்னு ஒரு ஸ்டேட்டஸ் வைக்கலாம். நிறைய பேர் இங்கதான் நிறுத்துவாங்க. ஆனா மூட்டையில இன்னும் பாதி அவிழ்க்கல.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. ஆண்டு 919, 921. குடவோலைன்னு ஸ்கூல்ல படிச்சது இதுதான். ஊர்ச் சபையில ஏரி வாரியம்னு தனியா ஒரு குழு இருந்துச்சு. பதவி ஒரு வருஷம்தான். ஏற்கெனவே பதவியில இருந்து கணக்குக் காட்டாதவரோட பேரைக் குடத்துல போடவே கூடாது, அவரோட நெருங்கிய சொந்தக்காரங்க பேரும் கூடாது. இதைப் படிச்சப்போ நம்ம கல்ச்சுரல்ஸ் கமிட்டி கணக்குதான் ஞாபகம் வந்துச்சு, அதை விடுங்க. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி இவ்வளவு கறாரா எழுதி வச்சிருக்காங்க. சுத்தி வர்ற முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனா யார் பேரைக் குடத்துல போடலாம்னும் அதே கல்வெட்டு சொல்லுது. கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு 35லிருந்து 70க்குள்ள, வேதம் படிச்சிருக்கணும். அது ஒரு பிராமண ஊர்ச் சபை. அந்த ஏரியில மண்ணு சுமந்தவங்க பேரு குடத்துக்குள்ள போயிருக்குமா? பெண்கள் பேரு? வட்டம் சுத்துச்சு, ஆனா யார் உள்ளே வரணும்ங்கிறது சுத்தாம அப்படியே நின்னுச்சு.

ஏரியோட தினசரி வேலையிலயும் இதே கதைதான். மதகைத் திறந்து மூடி, வயல் வயலாத் தண்ணி பாய்ச்சற நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பார். ராத்திரி கரையில ஊத்து எடுக்குதான்னு பார்க்கிறதும் அவர்தான். கூலியா களத்துல இத்தனை மரக்கான்னு தானியம், சில ஊர்ல கொஞ்சம் மானிய நிலம். யாருக்கும் சார்பு இல்லாம தண்ணி விடணும்னு பெரும்பாலும் நிலமில்லாத ஆளையே வச்சாங்க. நல்ல யோசனைதான். ஆனா பல ஊர்கள்ல அந்த வேலை பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குன்னு பரம்பரையா ஒதுக்கப்பட்டது. அவர் பையனும் நீர்க்கட்டி, பேரனும் நீர்க்கட்டி. ஊர்த் தண்ணியெல்லாம் அவர் கையால பிரியும், ஊர்க் கிணத்துல அவர் தண்ணி இறைக்க முடியாது. அந்தப் பையன் பள்ளிக்கூடம் போய், பஸ் ஏறித் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனதை ‘பாரம்பரியம் அழிஞ்சது’ன்னு யாராவது எழுதினா, அந்த வரிய அவர்கிட்ட படிச்சுக் காட்டச் சொல்லணும்.

வெள்ளைக்காரன் வந்துதான் எல்லாம் கெட்டுச்சுங்கிற கதையும் முழுசா சரியில்ல. நிலவரிய வாங்கிக்கிட்ட அரசாங்கம் ஏரிக்குப் போதுமான பணம் ஒதுக்கலைங்கிறது உண்மை. பழுதான ஏரிகளைப் பார்த்து, இது உங்க பழைய வழக்கம்தானே, நீங்களே செய்யுங்கன்னு ஊர் மேல தள்ளிவிட்டு, அதுக்கு ஒரு சட்டமும் போட்டாங்க. 1858ல வந்த சென்னைக் கட்டாய வேலைச் சட்டம். வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்துக்கு வராதவர் அந்த வேலையோட மதிப்பைப் போல ரெண்டு மடங்கு கட்டணும். கரை உடையற ஆபத்து வந்தா ஊர்த் தலைவர் ஆள் கூப்பிடலாம். யாரை? ‘உழைக்கும் வகுப்புகளைச்’ சேர்ந்த திடகாத்திரமான ஆண்களை. நிலம் வச்சிருக்கிற எல்லாரையும்னு சட்டம் சொல்லல. முறையா இருந்தது தண்டமா மாறிச்சு. தண்டமா மாறினதும் ஆள் வர்றது குறைஞ்சுது.

அதுக்கப்புறம் நடந்தது நம்ம அப்பா அம்மா காலத்துக் கதை. போர் போட ரிக் வண்டி வந்துச்சு. 1990லிருந்து விவசாயிகள் எல்லாருக்கும் இலவச மின்சாரம். சொந்தமா போர் இருக்கிறவருக்கு ஏரி எதுக்கு? மதகடிக்காரருக்கு இப்ப யாரும் தேவையில்ல. யூரியா மூட்டை வந்ததும் வண்டலும் தேவையில்ல. அப்படியே அள்ளலாம்னாலும் கனிம விதிப்படி அனுமதிக்கு அலையணும். 2024லதான் தாசில்தார் அளவிலேயே அனுமதி தரலாம்னு எளிமையாக்கினாங்க.

இதுக்கு நம்ம மாவட்டம் என்ன விலை கொடுத்துச்சுன்னு உங்க வகுப்புல இருக்கிற தர்மபுரிக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. சிலரோட பல்லுல பழுப்புக் கறை இருக்கும். பல் தேய்க்காததால இல்ல, ஃப்ளூரைடால. இங்க இருக்கிறது கடினப் பாறை. பாறையில இருக்கிற ஃப்ளூரைடு, பாறை இடுக்குல நாள்பட்டு நிக்கிற தண்ணியில கரையுது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டின தண்ணியைச் சின்ன வயசுலிருந்து குடிச்சா பல்லுல கறை, இன்னும் அதிகமானா எலும்பு வரைக்கும் போகும். ஏரித் தண்ணி ஊறி நிறையற மேல்மட்டக் கிணறு வத்த வத்த, நாம பாறைக்குள்ள ஆழமா போய் குடிக்க ஆரம்பிச்சோம். கடைசியில ஜப்பான் கடனுதவியோட 1,928 கோடி ரூபாய்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, காவிரியைக் குழாய்ல ஏத்திக் கொண்டு வந்தாங்க. 2013ல அது தொடங்கி வைக்கப்பட்டது. ஃப்ளூரைடுக்கு ஏரி மட்டும்தான் மருந்துன்னு நான் சொல்லல, பாறை பாறைதான். ஆனா ஒரு கூட்டு வேலை நின்னு போனா அதோட பில் வேற ஏதோ ஒரு அக்கவுன்ட்ல நிச்சயமா வருது.

சரி, முறைத் தண்ணி போயிடுச்சு. முறைங்கிற சொல்லோட மறுபாதி, பிறப்போட ஒட்டினது, அதுவும் கூடவே போயிடுச்சா? 2012 நவம்பர் 7 அன்னைக்கு இதே தர்மபுரி மாவட்டத்துல நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர்னு மூணு தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள். அதுக்கு முன்னாடி நடந்தது சாதி கடந்த ஒரு கல்யாணம், தொடர்ந்து பெண்ணோட அப்பாவின் தற்கொலை. அப்போ நமக்கெல்லாம் பத்து வயசுக்குள்ளதான் இருக்கும். கல்யாணத்துல யாருக்கு யார் முறைங்கிறதைக் காப்பாத்த ஊர் ஊரா ஆள் திரண்டாங்க. ஏரிக் கரையை அடைக்க அதே ஊர்கள்ல கடைசியா எப்போ ஆள் திரண்டாங்க? வேலைய விட்டோம், வரிசைய மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டோம். பாரம்பரியத்தை மறந்துட்டோம்னு மேடையில சொல்றவங்களோட எனக்குள்ள சண்டையே இதுதான். மறக்கல சார். மறக்க வேண்டிய பாதிய நல்லாவே ஞாபகம் வச்சிருக்கோம்.

அப்போ பழைய முறைய இன்னைக்குக் கொண்டு வரவே முடியாதா? முயற்சி நடந்திருக்கு. 2017 மார்ச்ல குடிமராமத்துங்கிற அதே பேர்ல தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்குச்சு. முதல் கட்டத்துல 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். பாசன விவசாயிகள் பங்கா 10 சதவீதம், பணமாவோ பொருளாவோ உழைப்பாவோ தரலாம். (அடுத்த மாசமே வைகையில தெர்மோகோல் விட்டாங்க. அதைப் பத்தி இங்க பேசப் போறதில்ல.) பங்கு கேட்டது நல்ல விஷயம்னுதான் நெனக்கிறேன். ஆனா 10 சதவீதத்தைப் பணமா கட்டிட்டா, மதகடிக்காரர் கடைமடைக்காரரோட ஒரு நாள்கூடச் சேர்ந்து நிக்க வேண்டியதில்ல. மண்ணை ஜேசிபி அள்ளிடும். ஏரி ஆழமாகும். முறை வராது.

அந்தத் திட்டத்தை விடப் பெரிய சிக்கல் உறுப்பினர் பட்டியல்ல இருக்கு. 2000ல வந்த தமிழ்நாடு பாசன முறைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டத்துல, தண்ணி பயன்படுத்துவோர் சங்கத்துல உறுப்பினர்னா ஆயக்கட்டுல நிலம் வச்சிருக்கிறவங்க. உத்திரமேரூர் ஞாபகம் வருதா? வேதம் போயிடுச்சு, வயசு வரம்பு மாறிடுச்சு, சாதிக் கட்டுப்பாடு சட்டத்துல இல்ல. நிலம் மட்டும் அப்படியே நிக்குது. இந்தியாவுல விவசாய நிலத்தை நிர்வகிக்கிறவங்கள்ல பெண்கள் சுமார் 14 சதவீதம்தான்னு 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்லுது. நம்ம ஊர் ஏரியில நூறு நாள் வேலை நடக்கும்போது போய்ப் பாருங்க. மண்வெட்டியும் கூடையுமா நிக்கிறது யாரு? தமிழ்நாட்டுல அந்தத் திட்டத்துல நடந்த வேலைநாட்கள்ல 80 சதவீதத்துக்கும் மேல பெண்களோடது. ஏரி மண்ணைச் சுமக்கிற அக்காக்களுக்கு அந்த ஏரித் தண்ணி எப்போ திறக்கணும்னு சொல்ல ஓட்டு இல்ல. ஆடு மேய்க்கிறவங்க, துணி துவைக்கிறவங்க, மீன் பிடிக்கிறவங்க, யாருக்கும் இல்ல.

குடிமராமத்துல எடுத்துக்க வேண்டியது எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணு. வேலை செய்யறவங்களுக்குத் தண்ணியில முறை உண்டுங்கிற ஒப்பந்தம். அதை இன்னைக்கு எழுதினா நிலப் பட்டாவ வச்சு எழுதக் கூடாது, மண்வெட்டிய வச்சு எழுதணும். நீர்க்கட்டி வேலைக்கு மாசச் சம்பளம் வேணும், யார் வேணும்னாலும் அந்த வேலைக்கு வரலாம்னு இருக்கணும், அவர் குடிக்கிற தண்ணியும் ஊர்த் தண்ணியும் ஒரே குழாயில வரணும். பழசை அப்படியே மீட்டெடுக்கிறேன்னு கிளம்பினா பழைய வரிசையும் சேர்ந்தே வரும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஏரி எடுக்கிற ஜூனியர்ஸ் வருஷத்துக்கு நாலு டீமாவது இருப்பீங்க. கொள்ளளவு, மண் பரிசோதனை, ட்ரோன் சர்வே எல்லாம் பண்ணுங்க. கூடவே ரிப்போர்ட்ல ‘யார்’னு ஒரு பக்கம் சேருங்க. மதகை யார் திறக்கிறாங்க, யார் சொல்லித் திறக்கிறாங்க, வாய்க்கால்ல மண்ணு யார் எடுக்கிறாங்க, கடைமடை யாரோட நிலம். கைடு இதுக்கு மார்க் போடுவாரான்னு நான் உத்தரவாதம் தர முடியாது.

ப்ராஜெக்ட் இல்லாதவங்க தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போறப்போ ஏரிக்கரையில ஒரு நடை போங்க. மழைக்காலம், தண்ணி இருக்க வாய்ப்பு உண்டு. மதகுக்கிட்ட யாராவது பெரியவர் இருந்தா, “இதை இப்ப யாருங்க திறக்கிறது?”ன்னு கேளுங்க. பல ஊர்ல “யாருக்குத் தெரியும்”னுதான் பதில் வரும். சில ஊர்ல “அந்தத் தெருக்காரங்க வேலை அது”ன்னு கையைக் காட்டுவாங்க. யாராவது “இந்த வாரம் எங்க முறை”ன்னு சொன்னா, உட்கார்ந்து கேளுங்க, அவங்க சம்மதிச்சா போன்ல ரெகார்ட் பண்ணுங்க. எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறோம்.